எஞ்சின் தெருவுக்கு வந்த கதை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஓரங்கட்டி நிற்கும் கழிவுநீர் லாரியைத் தாண்டிப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாய்ப் போய்விடுவார்கள். ஒரு நிமிடம் நின்று காது கொடுத்தால் ஒன்று புரியும். லாரி நிற்கிறது, அதன் எஞ்சினோ மேடேறும் வண்டியைப் போல முழு மூச்சில் உறுமுகிறது. சக்கரத்துக்குப் போக வேண்டிய விசையை ஓட்டுநர் வேறு பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார். கியர் பெட்டியின் பக்கவாட்டில் பொருத்திய ஒரு சிறு பல்சக்கரத் தொகுதி அந்த விசையை வாங்கி, லாரியின் அடியில் ஓடும் தண்டு வழியாகப் பின்னாலிருக்கும் பம்புக்குக் கொடுக்கிறது. லாரிக்காரர்கள் அதை பி.டி.ஓ. என்பார்கள். சாலையில் ஓடும்போது அது வண்டி. மேன்ஹோல் பக்கத்தில் நின்றதும் அது ஒரு சின்ன பவர் ஹவுஸ்.

மின்சாரத்தை இழுத்துப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்கத் தோன்றும். வடசென்னையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. சென்னைக்கு மின்சாரம் தந்த பேசின் பாலம் மின்நிலையம் இங்கேதான். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-களின் தொடக்கத்தில் எழுந்து, 450 மெகாவாட் திறனோடு ஓடி, 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் இன்றும் கொதிகலன்கள் எரிகின்றன. நகரத்துக்கே விளக்கேற்றும் இந்த வட்டாரத்தின் தெருக்களில், சாக்கடை அடைப்பை எடுக்க வருகிறவர்கள் மின்சாரத்தை நம்பி வருவதில்லை.

காரணத்தைச் சின்னக் கணக்கில் சொல்லிவிடலாம். அடைப்பு எடுக்கும் ஜெட்ராடிங் இயந்திரம் ஒன்று நிமிடத்துக்கு 150 லிட்டர் தண்ணீரை 130 பார் அழுத்தத்தில் பீய்ச்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டரையும் அழுத்தத்தையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 32.5 வருகிறது. பம்பில் வீணாவதையும் சேர்த்தால் எஞ்சின் 40 கிலோவாட் கொடுக்க வேண்டும், அதாவது 50 குதிரைச் சக்திக்கும் மேல். நம் வீட்டுச் சுவரிலிருக்கும் 5 ஆம்பியர் பிளக் தரக்கூடியது ஒரு கிலோவாட்டுக்குச் சற்று அதிகம். ஏ.சி.க்குப் போடும் 15 ஆம்பியர் பிளக்கும் மூன்றரைக் கிலோவாட்டைத் தாண்டாது. வீடு வீடாகக் கதவைத் தட்டி வயர் இழுத்து இந்த வேலையை நடத்த முடியாது. அந்த அளவு சக்தி ஏற்கெனவே சக்கரத்தின் மேல் உட்கார்ந்து, நிற்கும்போது சும்மா இருப்பது லாரியின் எஞ்சினில் மட்டும்தான்.

இந்த ஏற்பாடு எங்கே பிறந்தது என்று தேடிக்கொண்டு போனால், சாக்கடைக்கு வெகு தூரத்தில், மாளிகைகளின் கம்பளங்களில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

1901-ஆம் ஆண்டு. லண்டனில் எம்பயர் மியூசிக் ஹாலில் ஓர் அமெரிக்கர் தூசி அகற்றும் இயந்திரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அது காற்றை ஊதியது. தூசி பறந்தது, கொஞ்சம் பெட்டிக்குள் விழுந்தது, மீதி திரும்ப வந்து படிந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற இளம் பொறியாளர் ஒருவர். பாலங்கள், பெரிய ராட்டினங்கள் என்று இரும்பு வேலை பார்த்தவர். ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று கேட்டார். அது நடக்காது என்றார் இயந்திரக்காரர். பூத் விடவில்லை. விக்டோரியா தெருவில் ஓர் உணவகத்தில், நாற்காலியின் மெத்தைத் துணிமேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து இழுத்துப் பார்த்தார். தூசி நெஞ்சில் ஏறிப் புரையேறியது. கைக்குட்டையின் அடிப்பக்கத்தில் கறுப்பாக அழுக்கு ஒட்டியிருந்தது. அந்த ஆண்டே காப்புரிமை வாங்கினார்.

அந்தக் காலத்து லண்டன் வீடுகளில் பெரும்பாலானவற்றில் மின்சாரம் கிடையாது. அதனால் பூத் தன் இயந்திரத்தை வீட்டுக்குள் வைக்க நினைக்கவில்லை. பெட்ரோல் எஞ்சினையும் அதனால் இயங்கும் பம்பையும் ஒரு வண்டியில் ஏற்றி, குதிரை பூட்டித் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார். சன்னல் வழியாக நீண்ட குழாய்கள் உள்ளே போயின. சீருடை போட்ட ஆட்கள் கம்பளங்களை உறிஞ்சினார்கள். தூசி போவதைப் பார்க்க வீட்டுக்காரர்கள் நண்பர்களைத் தேநீருக்கு அழைத்தார்கள். எஞ்சின் சத்தத்தில் குதிரைகள் மிரள்கின்றன என்று பூத்தின் மேல் வழக்குகளும் வந்தன. 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கம்பளங்களைச் சுத்தம் செய்தது இந்த வண்டிதான். முதல் உலகப்போர்க் காலத்தில் கிரிஸ்டல் பேலஸில் தங்கியிருந்த கடற்படையினரிடையே மூளைக்காய்ச்சல் பரவியபோது, 15 இயந்திரங்கள் நான்கு வாரம் வேலை செய்து 26 டன் தூசியை வெளியேற்றின.

எஞ்சின், பம்பு, தொட்டி, குழாய், எல்லாம் ஒரே வண்டியில். அழுக்கு இருக்கும் இடத்துக்கு வண்டியே போகும். திருவொற்றியூரில் உறுமும் லாரியின் உறுப்புகள் அத்தனையும் இதில் இருக்கின்றன. இதற்கு முன்பே பாரிஸ் நகரில் மலக்குழிகளைக் காலி செய்ய நீராவிப் பம்புகள் தெருவில் ஓடியதுண்டு. அமெரிக்க நகரங்களில் 1870-களில் கைப்பம்பு வைத்த தொட்டி வண்டிகள் இருந்தன. வெளிவரும் நாற்றக் காற்றைக் கரி அடுப்பில் எரித்துவிடுவார்கள். மலக்குழியும் கம்பளமும் தனித்தனியாக ஒரே தீர்வை நோக்கி வந்திருக்கின்றன. ஆனால் பெட்ரோல் எஞ்சினைத் துப்புரவு வேலைக்குத் தெருவில் இறக்கி, அதை ஒரு தொழிலாக நடத்தியவர் என்று பூத்தைத்தான் முதலில் சொல்வேன்.

வீட்டுத் துப்புரவு அதற்குப் பிறகு வேறு வழியில் போனது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் கேன்டன் ஊரில் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்க்லர் என்ற துப்புரவுத் தொழிலாளி ஒரு கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஆஸ்துமா நோயாளி. பெருக்கும் தூசி அவரைக் கொன்றுகொண்டிருந்தது. விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்துக் கையில் தள்ளும் ஒரு மின் உறிஞ்சியைக் கட்டினார். 1908-இல் அதன் காப்புரிமை ஹூவர் குடும்பத்துக்குப் போனது. உலகம் முழுக்கப் பரவியதும் அந்தப் பெயர்தான். சுவரில் பிளக் வந்துவிட்ட வீடுகளில் குதிரை வண்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. பிளக் இல்லாத இடங்களில், அதாவது தெரு, துறைமுகம், சாக்கடை ஆகியவற்றில், வண்டி மேல் எஞ்சின் என்ற பூத்தின் ஏற்பாடு அப்படியே தங்கிவிட்டது.

அதில் ஒரு குறை இருந்தது. வண்டியை இழுக்கக் குதிரை, பம்பை ஓட்ட எஞ்சின் என்று இரண்டு வேண்டியிருந்தது. குதிரை போய் லாரி வந்த பிறகும், லாரிக்கு ஓர் எஞ்சின், பம்புக்கு ஓர் எஞ்சின் என்றால் எடையும் செலவும் இரட்டிப்பு. இதைத் தீர்த்தது விவசாயம். பிரான்சில் 1906 வாக்கில் ஆல்பர்ட் கூஜி என்பவர் தன் கதிர் அறுக்கும் இயந்திரத்தோடு போராடிக்கொண்டிருந்தார். அந்த இயந்திரங்கள் தம் சக்கரம் தரையில் உருள்வதிலிருந்துதான் விசை எடுத்தன. ஈர வயலில் சக்கரம் வழுக்கினால் அரிவாள் நின்றுவிடும். கூஜி தன் இழுவை வண்டியின் எஞ்சினிலிருந்தே ஒரு தண்டை நீட்டி அறுவடை இயந்திரத்தோடு இணைத்துவிட்டார். 1918-இல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் இந்தத் தண்டை டிராக்டரோடு சேர்த்தே விற்கத் தொடங்கியது. இன்று நம் ஊர் வயலில் ரோட்டவேட்டரைச் சுழற்றுவது அந்தத் தண்டு. தீயணைப்பு வண்டியின் பம்பு, குப்பை லாரியின் அமுக்கி, கழிவுநீர் லாரியின் உறிஞ்சி என்று வண்டி நிற்கும்போது வேலை செய்யும் இயந்திரங்களின் பெருங்கூட்டம் இதே வழியில் பிறந்தது.

எண்ணூரில் இந்தக் கதைக்கு ஒரு வேர் உண்டு. 1948-இல் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதுதான் முதலில் வேலை. சுதந்திர நாட்டுக்குக் காரைவிட லாரி அவசரம் என்று கண்டு இங்கிலாந்தின் லேலண்டோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1951-இல் லேலண்ட் காமெட் எண்ணூரில் பூட்டப்பட்டது. 1955-இல் பெயர் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதையொட்டித் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை வந்தது. டீசல் லாரியும் புல்லட்டும் இந்த மணல்கரையிலிருந்து நாடு முழுக்கப் போயின. எஞ்சின் என்றால் என்ன என்று வடசென்னைக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தந்தை ஆலையில் கியர் பெட்டி பூட்டுவார். மகன் காசிமேட்டில் படகு எஞ்சின் பிரிப்பார்.

அதே காலத்தில் அதே தெருக்களின் சாக்கடையை எப்படிச் சுத்தம் செய்தார்கள்? மூங்கில் பிளாச்சைக் குழாய்க்குள் குத்தித் தள்ளி. இரண்டு மேன்ஹோல்களுக்கு நடுவே கயிறு விட்டு, வாளியைக் கட்டி இழுத்து. எதுவும் பலிக்காதபோது ஆளை இறக்கி. சென்னையின் பாதாளச் சாக்கடைத் திட்டம் 1910-இல் வகுக்கப்பட்டது. 1961-இல் மக்கள்தொகை ஆறரை லட்சத்தை ஒட்டி இருக்கும் என்ற கணக்கில் குழாய்கள் போடத் திட்டமிட்டார்கள். 1961 வந்தபோது நகரில் 17 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். குறுகிய குழாயில் இரண்டரை மடங்குக்கு மேல் கழிவு. ஜார்ஜ் டவுனிலும் ராயபுரத்திலும் அடைப்பு என்பது அபூர்வ விபத்தாக இல்லை, வாராவாரம் நடப்பதாக ஆயிற்று. அந்த அடைப்பை எடுக்க ஒரு சாதியின் உடம்பையே கருவியாக வைத்திருந்தோம். ஆலயக் கம்பளத்துக்கு 1902-இல் எஞ்சின் வந்தது. மனிதன் மலத்தில் மூழ்கும் இடத்துக்கு அது வர எடுத்துக்கொண்ட காலத்துக்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் சொல்ல முடியாது. லாரியின் எல்லா உறுப்புகளும் எண்ணூரிலேயே கிடைத்தன. இறங்க ஆள் மலிவாகக் கிடைத்தவரை எஞ்சினைக் கொண்டுவர யாருக்கும் அவசரமில்லை. இதைச் சொல்லாமல் இந்த இயந்திரத்தின் பிறப்பைச் சொல்வது பொய்யாகிவிடும்.

1978-இல் சென்னைக் குடிநீர் வாரியம் அமைந்தது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ஜெட்ராடிங் இயந்திரங்களும் தூர்வாரும் இயந்திரங்களும் உறிஞ்சும் லாரிகளும் ஒவ்வொன்றாகப் பெருகின. ஜெட்டின் முனையை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் உலோகத் துண்டு. துளைகள் பெரும்பாலும் பின்பக்கம் பார்த்திருக்கும். தண்ணீர் பின்னோக்கிப் பாயும்போது முனை முன்னோக்கிப் பாய்கிறது. நூறு மீட்டர் ரப்பர் குழாயைத் தானே இழுத்துக்கொண்டு அடைப்பை நோக்கிப் போகிறது. திரும்ப இழுக்கும்போது பின்னோக்கிய பீச்சல் மண்ணையும் கொழுப்பையும் மேன்ஹோலுக்கு வாரிக்கொண்டு வருகிறது. ஆள் குழாய்க்குள் போக வேண்டிய தேவையை இந்த ஒரு துண்டு இல்லாமல் செய்துவிட்டது. இதற்கு வேண்டிய 40 கிலோவாட்டைத்தான் முன்னே கணக்குப் போட்டோம். சுமக்க வேண்டியது அதோடு முடியவில்லை. நிமிடத்துக்கு 150 லிட்டர் என்றால் 6,000 லிட்டர் தொட்டி நாற்பது நிமிடத்தில் காலி. அதனால்தான் ஜெட்டுக்குப் பெரிய லாரி தேவைப்படுகிறது. அதனால்தான் ராயபுரம் சந்துகளுக்குள் அது நுழைய முடியவில்லை.

உறிஞ்சும் லாரியின் பலவீனம் வேறு. நாம் உறிஞ்சுகிறோம் என்று சொன்னாலும், உண்மையில் தள்ளுவது வெளிக்காற்று. பம்பு தொட்டிக்குள் காற்றை அகற்றுகிறது. வெளியே இருக்கும் வளிமண்டலம் கழிவைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. தண்ணீரை அதனால் அதிகபட்சம் பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஏற்ற முடியும், எவ்வளவு பெரிய எஞ்சின் வைத்தாலும். நடைமுறையில் ஏழெட்டு மீட்டரிலேயே திணறும். கழிவு கெட்டியாக இருந்தால் இன்னும் குறையும். இந்த எல்லையைத் தாண்டப் பிறந்ததுதான் சூப்பர் சக்கர். அது முழு வெற்றிடத்தை நம்புவதில்லை. பெரிய புளோயர் ஒன்று ஏராளமான காற்றைக் குழாய் வழியே வேகமாக ஓடவிடுகிறது. அந்தக் காற்றோட்டம் சேற்றையும் கல்லையும் துண்டு துண்டாக அள்ளிக்கொண்டு மேலே வருகிறது. அதற்கு எஞ்சின் சக்தி இன்னும் அதிகம் வேண்டும்.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிபொருள் எண்ணெய் கடலில் கலந்து எர்ணாவூர், பாரதியார் நகர்க் கரைகளில் ஒதுங்கியது. சூப்பர் சக்கர்கள் வந்தன. ஆனால் கப்பல் எண்ணெய் சாக்கடைத் தண்ணீர் இல்லை. குளிர்ந்ததும் தாராகக் கெட்டியாகும். கடல்நீரோடு கடையப்பட்டதும் கூழாகி மூன்று நான்கு மடங்கு பெருகும். மணலும் பிளாஸ்டிக்கும் அதில் ஒட்டிக்கொள்ளும். குழாய்கள் திணறி நின்றன. கரையோ பாறைக் கற்களால் ஆனது; கல்லிடுக்கில் லாரியின் குழாய் போகாது. கடைசியில் கையும் வாளியும்தான். மீனவர்கள், கடலோரக் காவல்படையினர், கல்லூரி மாணவர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள் என ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று எண்ணெயை வாளியில் கைமாற்றினார்கள். படங்களை உலகம் பார்த்தது. இயந்திரம் இருந்தும் வாளியா என்று பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் கோளாறு எங்கே என்று சரியாகச் சுட்ட வேண்டும். எஞ்சின் சாலைவரை வந்துவிட்டது. சாலையிலிருந்து கல்லிடுக்குவரை இருந்த முப்பது நாற்பது மீட்டருக்குத்தான் சக்தியைக் கொண்டுபோக வழியில்லை.

அதற்குப் பதில் இருக்கிறது. எண்ணெய் வழித்தெடுக்கும் ஸ்கிம்மர் இயந்திரங்களில் எஞ்சின் தனி, வேலை செய்யும் தலை தனி. டீசல் எஞ்சினும் ஹைட்ராலிக் பம்பும் ஒரு சட்டத்தில் கரையிலோ படகிலோ உட்கார்ந்திருக்கும். அழுத்தமேறிய ஹைட்ராலிக் எண்ணெய் இரண்டு ரப்பர் குழாய்களில் ஓடித் தலையிலிருக்கும் மோட்டாரைச் சுழற்றும். மின்வயர் இல்லை, தீப்பொறி இல்லை, கடல்நீரில் முழுகினாலும் கவலையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குள் இறங்கியபோது ஸ்கிம்மர்கள் வந்தன. அவை வந்து சேரும்வரையும், சேர்ந்த பிறகும், காட்டுக்குப்பத்தையும் சிவன்படைக்குப்பத்தையும் சேர்ந்த மீனவர்கள் ஃபைபர் படகில் பீப்பாய் வைத்து மக்கால் மொண்டுகொண்டிருந்தார்கள். அலையாத்திச் செடிகளின் வேரடிக்குப் போகக்கூடிய ஒரே வண்டி அவர்கள் படகுதான். ஏறத்தாழ ஏழு ஆண்டு இடைவெளியில் ஒரே கரையில் இரண்டு முறை. சில கிலோமீட்டருக்குள் துறைமுகமும் சுத்திகரிப்பு ஆலையும் இருக்கும் இடத்தில், படகில் ஏற்றக்கூடிய சிறு ஹைட்ராலிக் எஞ்சின் தொகுதிகளைக் குப்பங்களிலேயே வைத்து, ஓட்டப் பழக்கியிருக்க வேண்டும். பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை இது.

குழிக்குள் சக்தியைக் கொண்டுபோவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அழுகும் கழிவிலிருந்து மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரும். முன்னது தீப்பொறி பட்டால் வெடிக்கும். பின்னது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு அளவில் இருந்தாலே ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். அதற்கு முன்பே மூக்கின் உணர்வை மரத்துப்போகச் செய்வதால் நாற்றமும் எச்சரிக்காது. வெளிச்சத்துக்காகப் பெட்ரோல் ஜெனரேட்டரைக் குழி வாயருகே வைப்பவர்கள் அதன் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடையும் உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். 2015-இல் கோழிக்கோட்டில் மேன்ஹோலில் சிக்கிய இரண்டு தொழிலாளர்களைக் காப்பாற்ற இறங்கிய ஓர் ஆட்டோ ஓட்டுநரும் சேர்ந்து இறந்தார். அதன் பாதிப்பில் கேரளத்துப் பொறியியல் இளைஞர்கள் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தில் உருவாக்கிய பேண்டிகூட் 2018-இல் வந்தது. அந்த ரோபோவின் கையை அழுத்தக் காற்றால் அசையும்படி அமைத்தார்கள். வாயு நிறைந்த குழியில் அது பாதுகாப்பு. தமிழ்நாட்டில் கும்பகோணத்துக்கும் கோவைக்கும் அது வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழு செப்டிக் டேங்க்குக்காக ஹோமோசெப் என்ற கருவியை உருவாக்கியது. குறுகிய வாய் வழியாக மடங்கி இறங்கி, உள்ளே விரிந்து, கெட்டியான அடிவண்டலை வெட்டிக் கரைக்கும் அலகுகள் அதில் உண்டு. உறிஞ்சும் லாரி தண்ணீரை எடுத்துவிட்டு வண்டலை விட்டுவிடுவதால்தான் ஆள் இறங்கும் நிலை வருகிறது என்று புரிந்துகொண்டு செய்த வேலை அது. சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் அமைப்பின் உதவியோடு, 2022-இல் முதல் கருவிகள் இந்தத் தொழிலில் கணவரை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் சுயஉதவிக் குழுக்களுக்குப் போயின.

சட்டம் இருக்கிறது. 2013-இன் சட்டம் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. இறப்புக்கு 10 லட்ச ரூபாய் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தமிழ்நாடு இந்தச் சாவுகளின் பட்டியலில் நாட்டிலேயே முன்வரிசையில் இருந்து வந்திருக்கிறது. இவற்றில் பல, அரசு லாரி வராத தனியார் வீட்டுத் தொட்டிகளிலும் ஆலை வளாகங்களிலும் நடப்பவை. கூப்பிட்டால் வரக்கூடிய சின்ன இயந்திரம் அங்கே எட்டியிருந்தால் இறந்தவர்களில் பலர் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள்.

அந்தச் சின்ன இயந்திரத்துக்கு என்ன சக்தி? தொட்டி கழுவுகிறவர்களும், கன்டெய்னர் லாரிக்கு நின்ற இடத்திலேயே வாட்டர் வாஷ் செய்கிறவர்களும் தினமும் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. கையால் பிடிக்கும் பிரஷர் வாஷர் நிமிடத்துக்கு 10 லிட்டரை 150 பாரில் அடித்தால் இரண்டரைக் கிலோவாட் ஆகிறது. வீட்டுக்காரர் 15 ஆம்பியர் பிளக் தந்தால் சமாளிக்கலாம். தராவிட்டால் சிறு பெட்ரோல் எஞ்சின். ஒரு ஆள் தள்ளிக்கொண்டு போகலாம், சத்தமும் புகையும் உண்டு. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியை ஆட்டோவில் ஏற்றலாம் என்று பலருக்கும் யோசனை வரும். ஏட்டுக் கணக்கில் அதில் 1.8 கிலோவாட்-மணி இருக்கிறது. ஈய பேட்டரியை வேகமாகக் காலி செய்தால் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் கைக்கு வரும். ஒன்றரைக் கிலோவாட் வாஷரை முக்கால் மணி நேரம் ஓட்டினால் பெரிது. எடையோ ஐம்பது கிலோவுக்கு மேல்.

லித்தியம் இந்தக் கணக்கை மாற்றுகிறது. எவ்வளவு மாற்றுகிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் பத்துக் கிலோவாட்-மணி வெப்பம். எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக்கும். அந்த மூன்று கிலோவாட்-மணியைத் தர இருபது கிலோ லித்தியம் பேட்டரி போதும். ஜெட் லாரியின் பம்பு நாளில் நான்கு மணி நேரம் முழு விசையில் ஓடினால் 160 கிலோவாட்-மணி. பேட்டரி ஒரு டன்னைத் தாண்டும். ஆறு டன் தண்ணீரைச் சுமக்கும் லாரிக்கு அது தாங்க முடியாத எடை இல்லை. டீசல் எஞ்சின் உறுமும்போது மேன்ஹோல் அருகே குழாயைப் பிடித்திருப்பவர் கத்தினாலும் பம்பு அருகே நிற்பவருக்குக் கேட்காது. நாள் முழுக்கப் புகை அவர் முகத்தில்தான். மின்மோட்டாரில் இரண்டும் இல்லை.

2024 டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாளன்று, 213 நவீன கழிவுநீர் வாகனங்களைத் தூய்மைப் பணியாளர்களின் உடைமையாக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. சென்னைக் குடிநீர் வாரியத்தோடு ஏழாண்டு ஒப்பந்தம். குழியில் இறங்கியவர் எஞ்சினின் சாவியைக் கையில் வைத்திருக்கிறார். இந்த இயந்திரத்தின் நூற்றிருபது ஆண்டுக் கதையில், என் பார்வையில், இதுவே பெரிய திருப்பம். பூத்தின் சீருடை ஆட்களுக்கும் வண்டி சொந்தமில்லை.

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. இயக்குவது எண்ணூரில் பிறந்த அதே அசோக் லேலண்டின் துணை நிறுவனம். ஒரு நகரப் பேருந்து கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாட்-மணி செலவழிக்கும். நாளொன்றுக்கு இருநூறு கிலோமீட்டர் ஓட வேண்டிய பேருந்து சுமக்கும் பேட்டரி, ஒரு ஜெட் லாரியின் ஒரு நாள் வேலைக்குப் போதும். சார்ஜ் ஏற்றும் இடம் வியாசர்பாடியில் இருக்கிறது. ராயபுரம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அடுத்த முறை கழிவுநீர் வாகனங்களுக்கு ஒப்பந்தப் புள்ளி கோரும்போது, சந்துக்குள் நுழையும் அகலத்தில், பேட்டரியில் ஓடும் பம்போடு, நூறு மீட்டருக்குக் குறையாத குழாயோடு சில வண்டிகளையாவது கேட்க வேண்டும். அவற்றில் முதல் வண்டி காசிமேட்டுக்கும் ராயபுரத்துக்கும் வர வேண்டும்.